ஒன்றும் செய்யாத பத்துப் பேர்

“லீவு கேட்கிறது தப்பில்லம்மா. லோடு ஏறியிருக்கிறப்போ கேட்கிறதுதான் தப்பு.”

“லோடு என்னைக்கு சார் இறங்கியிருக்கு? நான் சேர்ந்த நாள்லேர்ந்து ஒன்பதுக்குக் கீழ பார்த்ததே இல்லை.”

“அப்போ நீ சேர்ந்த நாள்லேர்ந்து நம்ம ஆபீஸ் நல்லா நடக்குதுன்னு அர்த்தம். சந்தோஷப்படு.”

சூப்பிரண்டு விடுப்பு மனுவை ஒரு முறை விசிறிக்கொண்டார். புழுக்கம் தணிந்ததும் அதை அவளிடமே நீட்டினார்.

“விதி பதினேழு. லோடு அஞ்சுக்கு மேல இருந்தா டெக்னிக்கல் ஆளுக்கு லீவு கிடையாது. இதை எழுதினது நானில்லை. எழுதினவர் ரிட்டயர் ஆகி, கண் ஆபரேஷன் பண்ணிட்டு, இப்போ நல்லாப் பார்க்கிறாராம். அவர்கிட்ட வேணா கேளு.”

“என் தங்கச்சிக்கு இன்னும் பன்னெண்டு நாள்ல பிரசவம், சார். அவளுக்கு என்னை விட்டா யாருமில்லை. அவ வீட்டுக்காரர் ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழுற மனுஷன்.”

“லோடை இறக்கிக் காட்டு. நானே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விடுறேன்.”

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

அது ஊரின் பதிவு அலுவலகம். பிறந்தவர், இறந்தவர், மணந்தவர், மணந்ததை மறுபரிசீலனை செய்தவர் என எல்லோரும் வந்தே ஆக வேண்டிய இடம். கீழ்த்தளக் கூடத்தில் முப்பத்திரண்டு கவுண்டர்கள். ஒவ்வொன்றிலும் பச்சை எழுத்துகள் மினுங்கும் ஒரு திரை, ஒரு விசைப்பலகை. அவற்றிலிருந்து கிளம்பும் சாம்பல் நிறக் கேபிள்கள் சுவரோரமாக ஊர்ந்து, கூரையில் ஓர் ஓட்டை வழியாக மாடியிலிருக்கும் குளிர் அறைக்குப் போய், ஒரே ஒரு யூனிக்ஸ் மெஷினின் முதுகில் செருகிக்கொண்டிருந்தன. கேபிள் செருகும் அந்த இடத்துக்கு சீரியல் போர்ட் என்று பெயர். அவளுடைய நியமன உத்தரவை மொழிபெயர்த்தவருக்குக் கடல்மீது என்ன ஆசையோ, ‘தொடர் துறைமுகப் பராமரிப்பாளர்’ என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவள் பெயர் துறைமுகம்.

கூடத்தின் நடுச்சுவரில், சிவப்பு எண்கள் ஒளிரும் ஒரு பலகை தொங்கியது. மெஷினின் லோடு எவ்வளவு என்று அது நிமிடத்துக்கு நிமிடம் காட்டும். லோடு என்பது மெஷினுக்குள் தங்கள் முறை வராமல் காத்துக்கிடக்கும் வேலைகளின் கணக்கு. ஆனால் அலுவலகம் அதைச் செய்து முடித்த வேலையின் கணக்கு என்று புரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக் கடை வாசலில் பசியோடு நிற்பவர்களை எண்ணிவிட்டு, இத்தனை பேருக்கு வயிறு நிறைந்தது என்று ஏப்பம் விடுவது மாதிரி. துறைமுகம் இதை இரண்டு முறை விளக்கிப் பார்த்தாள். இரண்டு முறையும் அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆண்டுதோறும் எல்லாப் பதிவு அலுவலகங்களும் கூடும் மாநாட்டில், அதிக லோடு தாங்கிய அலுவலகத்துக்கு ஒரு கேடயம் உண்டு. போன ஆண்டு ஒன்பது புள்ளி நான்கில் இவர்கள் அதை வென்றிருந்தார்கள். கேடயம் இயக்குநர் அறையில், அவர் தலைக்கு நேர் மேலே மாட்டப்பட்டிருந்தது. ஆணி சற்று பலவீனமானது என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் மதிய இடைவேளையில் துறைமுகம் குளிர் அறைக்குள் போய், மெஷின் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று பார்த்தாள். போர்ட்டுக்கும் மெஷினுக்கும் நடுவே நின்று எழுத்துகளைக் கைமாற்றிக் கொடுக்கும் சிறிய நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அந்த டிரைவர் ஒவ்வொரு எழுத்துக்கும் மெஷினின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. கவுண்டரில் யாராவது ஒரு ‘க’ தட்டினால், மெஷின் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, அந்த ‘க’வை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போய், எங்கே விட்டோம் என்று தேட வேண்டும். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த எழுத்து வந்து தட்டும். திரைக்குப் போகும் எழுத்துகளுக்கும் இதே கதைதான். கூட்டமான நேரத்தில் விநாடிக்கு இருபதாயிரம் தட்டல்கள். இத்தனைக்கும் அந்த போர்ட் அட்டையில், பதினாறு எழுத்துகளைச் சேர்த்துவைத்து ஒரே தட்டலில் கொடுக்க ஒரு சின்னத் தட்டு இருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை.

டிரைவரின் அமைப்புக் கோப்பில், ஒரு தட்டலுக்கு எத்தனை எழுத்து என்ற இடத்தில் ‘1’ என்று இருந்தது. பக்கத்தில், இதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: ‘சுற்றறிக்கையின்படி.’ அவள் போய்ச் சுற்றறிக்கையைத் தேடினாள். தபால் பிரிவுக்காக எந்தக் காலத்திலோ வந்தது அது. ‘வரும் ஒவ்வொன்றும் வந்த மாத்திரத்தில் தனித்தனியே பெறப்பட வேண்டும்.’ பாவம், நல்ல மனிதர். தபாலுக்குச் சொன்னதை எழுத்துக்கும் கடைப்பிடித்திருக்கிறார்.

துறைமுகம் ஒன்றை அழித்துவிட்டு, தட்டு நிரம்பி வழியாமலிருக்க இரண்டு இடம் விட்டு, பதினான்கு என்று போட்டாள். மெஷினை அணைத்து, மறுபடி இயக்கி, மீதமிருந்த சாப்பாட்டை முடித்தாள். பலகையில் 0.31 என்று இருந்தது.

அன்று மாலைக்குள் நடந்ததை அலுவலகம் நெடுநாள் பேசியது. மூன்றாம் கவுண்டர் அக்கா ஒரு பெயரைத் தட்டிவிட்டு, வழக்கம்போலப் பின்னல் ஊசியைக் கையில் எடுத்தார். பதிவு அதற்குள் திரையில் வந்து நின்றது. பதினோரு ஆண்டு சர்வீஸில் ஒரு பதிவுக்கு நான்கு வரி பின்னிப் பழகியவர், இப்போது நூலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாடிக்கே ஓடி வந்துவிட்டார்.

“ஏய் துறைமுகம், என் மெஷினுக்கு என்னமோ ஆயிடுச்சுடி. நான் கேட்கிறதுக்கு முந்தியே பதில் சொல்லுது.”

“சரியாத்தானேக்கா சொல்லுது?”

“சரியாத்தான் சொல்லுது. அதான் பயமா இருக்கு.”

பொதுமக்களுக்கும் கலக்கம். நாள் முழுவதும் காத்திருக்கத் தயாராகப் புத்தகம், தண்ணீர், தலையணை சகிதம் வந்த ஒருவர், பெஞ்சில் உட்காரும் முன்பே சான்றிதழைக் கையில் வாங்கிவிட்டு, இது அசல்தானா என்று நான்கு கவுண்டர்களில் விசாரித்தார். மூன்று மணிக்கெல்லாம் கூடம் காலி. பெஞ்சுகளுக்கு என்ன நிறம் என்பதையே ஊழியர்கள் பலர் அன்றுதான் பார்த்தார்கள்.

சூப்பிரண்டு ஓர் எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பலகையை இரண்டு தட்டு தட்டச் சொன்னார். புள்ளி இடம் மாறிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம். தட்டியதில் 0.31 என்பது 0.29 ஆனது. “போதும், நிறுத்துப்பா” என்றார் பதறிப்போய்.

துறைமுகம் மனுவோடு நின்றாள். “லோடு அஞ்சுக்குக் கீழ இருக்கு சார்.”

சூப்பிரண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தேடியது கிடைத்ததும் அவர் முகம் தெளிந்தது.

“விதி பதினெட்டு. லோடு ஒண்ணுக்குக் கீழ போனா மெஷின் பழுதுன்னு அர்த்தம். மெஷின் பழுதா இருக்கிறப்போ டெக்னிக்கல் ஆள் இடத்தை விட்டு நகரக் கூடாது.”

“பழுதில்லை சார், சரியாயிடுச்சு.”

“சரியாயிடுச்சுன்னா லோடு ஏறியிருக்குமே?”

அவள் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தாள். சொல்லாமல் ஒருநாள் போனாலும் வேலை போய்விடும். தங்கை வீட்டு வாடகையில் பாதி அவள் சம்பளத்தில்தான். ஆகவே மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ‘சுமை வீழ்ச்சி விசாரணைக் குழு’ அமைக்கப்பட்டது. இயக்குநர் தலைவர், சூப்பிரண்டு உறுப்பினர். குழு நான்கு நாட்கள் கூடியது. முதல் மூன்று நாட்களும் குழுவின் பெயரில் ‘வீழ்ச்சி’ என்ற சொல் இருக்கலாமா என்பதில் போயின. நான்காம் நாள் துறைமுகத்தை உள்ளே கூப்பிட்டார்கள்.

இயக்குநர் கனிவானவர். யாரையும் கடிந்து பேச மாட்டார். மெதுவாகவும் நீளமாகவும் பேசுவார். கேட்பவர்கள் தாங்களாகவே தங்களைக் கடிந்துகொள்வார்கள்.

“என்ன செஞ்சேம்மா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். தபால் பிரிவுப் பியூன் ஒரே ஒரு உறையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து மேசைமீது வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்க மறுபடியும் மாடிப்படி இறங்கிப் போனார்.

“அண்ணன் இப்போ ஒவ்வொரு தபாலா தூக்கிட்டு வர்றார் இல்ல சார்? நீங்க ஒவ்வொரு தடவையும் பேனாவைக் கீழ வெச்சிட்டு வாங்கறீங்க. பதினாலு தபாலைச் சேர்த்து ஒரே தடவையா கொண்டுவந்தா உங்க வேலையும் கெடாது. அவ்வளவுதான் சார் நான் செஞ்சது.”

இயக்குநர் யோசித்தார். “மிச்சம் பதிமூணு தடவை அவர் என்ன பண்ணுவார்?”

“உட்காருவார் சார்.”

“ஜனங்க பார்ப்பாங்களே?”

இயக்குநர் எழுந்து ஜன்னலோரம் போனார்.

“நான் இந்த நாற்காலிக்கு வந்தப்போ லோடு மூணு. எத்தனை பாடுபட்டு ஒன்பதாக்கினோம் தெரியுமா? ஒரு குடிமகன் ஒரு எழுத்து அனுப்பினா, எவ்வளவு பெரிய மெஷின், எழுந்து நின்னு வாங்கிச்சு. அது மரியாதைம்மா. நீ அதைக் கும்பலா வாங்க வெச்சிட்டே. போகட்டும். கூடத்துல கூட்டமே இல்லை. ஒரு அமைச்சர் வந்து பார்த்தா, இவங்களுக்கு எதுக்கு இத்தனை கவுண்டர்னு கேட்க மாட்டாரா? நான் என்ன சொல்வேன், வேலை முடிஞ்சிருச்சுன்னா? இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் வேலை முடிஞ்சிருச்சுன்னு யார்கிட்டயும் சொன்னதில்லை.”

சூப்பிரண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பழையபடி ஒண்ணுன்னு மாத்திடறேன் சார். ஒரே ஒரு ஆர்டர் போட்டுக் கொடுங்க.”

ஆர்டர் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ‘மெஷினை மெதுவாக்கும்படி இதனால் உத்தரவிடப்படுகிறது’ என்ற வாக்கியத்தின் கீழ் கையெழுத்துப் போட யாரும் முன்வரவில்லை. வரைவு இரண்டு மேசைகளுக்கு நடுவே ஐந்து முறை போய் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு காற்புள்ளி கூடியது. கடைசியில் முழுக்கக் காற்புள்ளியாகிவிட்டதால் கைவிட்டார்கள்.

அன்று மதியம் சூப்பிரண்டு மேசையிலிருந்த தொலைபேசி அவளுக்காக அடித்தது.

“அக்கா, பையெல்லாம் எடுத்து வெச்சாச்சு. நீ எப்போ வர்றே?”

“வந்துடுவேன்டி. லோடு கொஞ்சம் ஏறணும்.”

“போன வாரம் இறங்கணும்னு சொன்னே?”

“இப்போ ஏறணும். ஒண்ணுக்கு மேல, அஞ்சுக்குக் கீழ.”

“எனக்குக்கூட டாக்டர் பி.பி.க்கு இப்படித்தான் ஒரு கணக்கு சொன்னார். சரி, சீக்கிரம் வா. இவர் நேத்து ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்தே வியர்த்துட்டார்.”

தொலைபேசியை வைத்தபோது அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே. அவ்வளவுதானே?

ஒன்றுமே செய்யாத ஒரு நிரலை எழுதினாள். இரண்டே வரி. முதல் வரி, இரண்டாம் வரிக்குப் போ என்றது. இரண்டாம் வரி, முதல் வரிக்குப் போ என்றது. இப்படி ஒன்று ஓடினால் லோடு ஒன்று கூடும். மூன்றை ஓடவிட்டாள். கவுண்டர் வேலை கெடக் கூடாதென்று, மற்ற வேலைகள் எது வந்தாலும் ஒதுங்கி வழிவிடும்படி அவற்றுக்குச் சொல்லிவைத்தாள். பலகை 3.3 காட்டியது. கூடத்தில் வேலை நொடியில் நடந்தது.

மனுவை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆனால் அவளுக்கு முன்பே இயக்குநர் பலகையின் கீழ் வந்து நின்றிருந்தார். அவர் முகத்தில் விடிந்திருந்தது.

“எப்படிம்மா?”

அவள் உண்மையைச் சொன்னாள். அவளுக்கு வேறு பழக்கம் இல்லை.

“மூணு புரோகிராம் ஓடுது சார். ஒண்ணும் செய்யாது. யாருக்கும் தொந்தரவில்லை. லோடு மட்டும் காட்டும்.”

“ஒண்ணும் செய்யாது?”

“ஒண்ணும் செய்யாது சார்.”

“தொந்தரவில்லை?”

“இல்லை சார்.”

“எத்தனை வரைக்கும் வெச்சுக்கலாம்?”

அந்தக் கேள்வியின் ஆபத்து அவளுக்கு உறைப்பதற்குள் பத்து என்று முடிவாகிவிட்டது. பலகை 10.3 காட்டியது. அலுவலக வரலாற்றில் இல்லாத உச்சம். மாநாட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. இயக்குநர் ஊழியர்கள் எல்லோரையும் கூட்டிப் பேசினார்.

“இன்று நம்மோடு பத்துப் புதியவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். இவர்கள் தாமதமாக வருவதில்லை. சீக்கிரம் போவதில்லை. தேநீர் கேட்பதில்லை. யாராவது வேலை என்று வந்தால் உடனே ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ஒன்றுமே செய்யாமல் இந்த அலுவலகத்தின் சுமையை இத்தனை உயர்த்த முடியும் என்று இவர்கள் காட்டியிருக்கிறார்கள். மூத்தவர்களாகிய நமக்கு இது புதிதல்ல. ஆனாலும் இத்தனை ஒழுங்காக நாம் அதைச் செய்ததில்லை.”

மூன்றாம் கவுண்டர் அக்கா பலமாகக் கைதட்டினார். அந்தக் கைதட்டலில் என்ன இருந்தது என்று இயக்குநர் ஆராயவில்லை.

புதியவர்களுக்கு ‘இளநிலைச் சுமையாளர்’ என்று பதவிப் பெயர் வந்தது. ஒன்று முதல் பத்து வரை எண் வந்தது. வருகைப் பதிவேட்டில், துறைமுகத்தின் பெயருக்கு மேலே பத்து வரிகள் ஏறின. காலையில் அவர்களுக்கும் சேர்த்து அவள்தான் கையெழுத்திட வேண்டும். தங்கையின் நாளுக்கு மூன்றே நாட்கள் இருந்தன. லோடு பத்தில் நின்றது. ஐந்துக்கு மேல் லீவு கிடையாது.

“அதுல ஒரு ஆறை நிறுத்திடறேன் சார்” என்றாள் சூப்பிரண்டிடம்.

“நிறுத்தறதா? பதிவேட்டுல ஏறின ஆளைப் பணிநீக்கம் பண்ணணும்னா காரணம் வேணும்மா. என்ன தப்பு செஞ்சாங்க?”

“ஒண்ணுமே செய்யலை சார்.”

“ஒண்ணும் செய்யலைன்னு இந்த ஆபீஸ்ல யாரையும் அனுப்பினதா வரலாறே இல்லை.” பிறகு அவரே இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். “லீவு வேணா போடச் சொல்லு. ஆறு பேர் லீவுல போனா லோடு இறங்கிடுமில்ல?”

துறைமுகம் ஆறு விடுப்பு மனுக்களை அச்சிட்டாள். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவதென்று தெரியவில்லை. கைக்கு வந்ததைப் போட்டாள்: ‘தங்கையின் பிரசவம்.’ ஆறிலும் அதையே போட்டாள். ஆறும் ஒரே மணி நேரத்தில் அனுமதியாகி வந்தன. ஐந்தாம் எண்ணின் மனுவில் இயக்குநர் தன் கைப்பட ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘குடும்பப் பொறுப்பு பாராட்டத்தக்கது. தாயும் சேயும் நலமாக இருக்க வாழ்த்துகள்.’

ஆறையும் நிறுத்தினாள். பலகை 4.3 ஆனது. ஒன்றுக்கு மேல், ஐந்துக்குக் கீழ். இரண்டு நாட்கள் இருந்தன. தன் மனுவைச் சூப்பிரண்டு மேசையில் வைத்தாள்.

சூப்பிரண்டு அதைப் படித்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். “அடடா. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“என்ன சார்?”

“விதி இருபத்திரண்டு. ஒரு பிரிவுல பாதிப் பேருக்கு மேல ஒரே நேரத்துல லீவுல போகக் கூடாது. உங்க பிரிவுல அந்தப் பத்தும் நீயும் பதினொண்ணு. பாதி அஞ்சரை. அந்த அரையை நான் கண்டுக்காம விட்டுத்தான் ஆறு பேரை அனுப்பினேன். ஏழாவதா உன்னை எப்படி அனுப்பறது?”

“அப்போ ஒருத்தரோட லீவை ரத்து பண்ணிடுங்க சார்.”

“பண்ணினா அவங்க வேலைக்கு வந்துடுவாங்க. லோடு அஞ்சைத் தாண்டிரும். அப்புறம் விதி பதினேழு.” புத்தகத்தை மூடினார். “தவிர, பிரசவத்துக்குன்னு போனவங்களைத் திருப்பிக் கூப்பிடறது மனுஷத்தன்மை இல்லம்மா.”

அப்போது தொலைபேசி அடித்தது. சூப்பிரண்டு எடுத்து, கேட்டு, அவளிடம் நீட்டினார். எதிர்முனையில் தங்கை மூச்சை இழுத்து இழுத்துப் பேசினாள்.

“அக்கா… ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். இவரைப் பக்கத்துக் கட்டில்ல படுக்க வெச்சிருக்காங்க. நீ கிளம்பிட்டேதானே? கிளம்பிட்டேன்னு சொல்லேன்.”

“கிளம்பிட்டேன்டி” என்றாள் துறைமுகம். வாழ்க்கையில் அவள் வாயால் சொன்ன முதல் பொய் அது. தொலைபேசியை வைத்துவிட்டு, அதை மெய்யாக்குவதற்காக நடந்தாள்.

இயக்குநர் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் கேடயத்தின் கீழ் நின்று, மாநாட்டுக்கான ஏற்புரையைத் தாளைப் பார்த்துச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். பியூன் ஒரு உறையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு இறங்கிப் போனார். இயக்குநர் தாளைத் தாழ்த்தி, கனிவாக, என்ன என்பது போல் பார்த்தார்.

அவள் ஐந்தாம் எண்ணின் மனுவை மேசைமீது விரித்தாள். ஓரத்தில் அவர் எழுதிய வாழ்த்து அவருக்கு நேராக இருக்கும்படித் திருப்பி வைத்தாள்.

“இதுக்குத் தங்கச்சி கிடையாது சார். எனக்கு இருக்கா. இப்போ ஆஸ்பத்திரியில இருக்கா. இந்த லீவுல நான் போயிட்டு வரட்டுமா சார்?”